டேங்க் மேலே ஏற ஏணி: இதுவரை செய்தது

எங்கள் வீட்டில் தண்ணீர் டேங்க் இருப்பது மொட்டை மாடியில், மாடிப்படி அறையின் கூரைமேல். நிறைய வீடுகளில் இதே கதைதான். மாடி வரை ஒழுங்கான படிக்கட்டு இருக்கும், கடைசி எட்டரை அடிக்கு மட்டும் "ஏணி வெச்சுக்கலாம் சார்" என்று விட்டுவிடுவார்கள். டேங்க் கழுவுவதையும் மிதவை வால்வு மாற்றுவதையும் இனி நானே செய்வதாக முடிவான பிறகு, முதலில் ஏணிக்கு ஒரு வழி பண்ணலாம் என்று இறங்கினேன்.

வாங்கியது 12 அடி அலுமினிய ஏணி. எட்டரை அடிக்கு எதற்கு இவ்வளவு நீளம் என்று கடைக்காரரே கேட்டார். ஏறுவது பெரிய விஷயமில்லை. ஏணியை விட்டுக் கூரையில் கால் வைக்கிற நேரமும், இறங்கும்போது பின்னாலேயே காலை விட்டுப் படியைத் தேடுகிற நேரமும்தான் வம்பு. அப்போது கைக்குப் பிடி வேண்டும். அதனால் கூரைக்கு மேல் மூன்றடியாவது ஏணி நீண்டிருக்க வேண்டும். 10 அடி ஏணியில் மேலே ஓரடி சொச்சம்தான் மிஞ்சும், குனிந்துதான் பிடிக்க முடியும்.

அடுத்து சாய்வு. நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளி வைப்பது கணக்கு, எட்டரைக்கு ஏறக்குறைய இரண்டடி இரண்டு அங்குலம் வரும். இதைச் சுவரிலிருந்து அளந்தால் தப்பு. எங்கள் கூரை சுவரைத் தாண்டி 9 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது, ஏணி சாய்வது அந்த விளிம்பில்தான். விளிம்பிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, குண்டு தொட்ட இடத்திலிருந்து டேப் பிடித்தேன். சுவரிலிருந்து அளந்திருந்தால் ஏணி கிட்டத்தட்ட செங்குத்தாக நின்று, ஆளோடு பின்னால் சாயக்கூடும். ஏணியின் காலில் பாதத்தை ஒட்டி நின்று கையை நேராக நீட்டினேன், உள்ளங்கை சரியாகப் படியில் பட்டது. சாய்வு சரி.

மாடித் தரையில் மழைநீர் வடிய வாட்டம் இருக்குமே, அது ஏணிக்குப் பிடிக்காது. ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் இரண்டு கால்களுக்கும் நடுவே கால் அங்குலம் வித்தியாசம். 15 அங்குல அகல ஏணியில் அது உச்சியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் சாய்ந்து நிற்கும். அட்டை, ஓட்டுச்சில் என்று முட்டுக் கொடுக்க மனசில்லை. மாடித் தரையில் பதித்த தட்டோட்டைத் துளைத்தால் ஒழுகும் என்பதால், மேலேயே மட்டமாக ஒரு சிறிய கான்கிரீட் மேடை போட்டு, ஈரத்தில் துடைப்பத்தால் இழுத்துச் சொரசொரப்பாக்கினேன். வெளிப்பக்கம் ஒரு வரம்பும் உண்டு, ரப்பர் கால்கள் சறுக்கினாலும் அதில் முட்டி நிற்கும்.

எங்கள் பிளம்பர் அண்ணன், "கீழ ஒருத்தர் புடிச்சுக்கிட்டா போதும் சார்" என்றார். கீழே பிடித்தால் கால் சறுக்காது, மேல்முனை பக்கவாட்டில் நகர்வதை யார் பிடிப்பது? மாடியில் அது இன்னும் மோசம், மூன்றடிக் கைப்பிடிச் சுவர் நம்மை நிறுத்தாது, தாண்டித் தெருவில்தான் விழுவோம். அதற்காகவே கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி, கதவு இல்லாத பக்கமாக இடம் பார்த்தேன்.

சுற்றிலும் ஓடும் லிண்டல் கான்கிரீட்டில், ஏழடி உயரத்தில், இரண்டு ஆங்கர் வளையங்கள் அடித்தேன். செங்கல்லில் அடித்தால் இழுவை தாங்குமா என்று சந்தேகம். ஏழடி என்பதில் ஒரு வசதி, மூன்றாம் படியில் நின்றபடியே இரண்டு பக்கமும் நைலான் கயிற்றால் கட்டிவிடலாம், கட்டாத ஏணியில் உச்சிவரை போக வேண்டாம். அந்த மூன்று படிக்கு மட்டும் வீட்டில் யாராவது கீழே பிடித்துக்கொள்கிறார்கள். கட்டியதும் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

பக்கத்து வீட்டுக்குப் போகும் கரண்ட் சர்வீஸ் ஒயர் மாடியின் ஒரு மூலைக்கு அருகே போகிறது. அலுமினியத்தை நிமிர்த்திக்கொண்டு அந்தப் பக்கம் போவதே இல்லை. படுக்கவைத்துத் தூக்கிவந்து, மேடைக்கு எதிரே வந்த பிறகுதான் நிமிர்த்துகிறோம்.

ஸ்பானர், பிரஷ் எல்லாம் வாளியில், கயிறு கட்டி அப்புறம் இழுத்துக்கொள்வது. ஏறும்போது இரண்டு கையும் ஏணிக்குத்தான். டேங்க் கழுவினால் பாதம் ஈரமாகும், அதனால் இறங்க ஏணியில் கால் வைக்குமுன் துடைத்துக்கொள்ள, கூரையில் ஒரு சாக்கு.

பாக்கி இருப்பது ஏணியைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு. சுவரோரம் படுக்கவைத்துச் சங்கிலி போடலாம் என்று இருக்கிறேன், விடுமுறைக்குப் பிள்ளைகள் வருவதற்குள் முடிக்க வேண்டும்.