அவர் தன் படத்தைத் தேடி வரும்போது

பெண்களைக் கொண்டாடும் சின்னப் புகைப்படக் கண்காட்சிகளில், சுவரில் இருக்கும் முகங்களே வாசலிலும் நுழைகின்றன. தூய்மைப் பணியாளர், செவிலியர், தையல்காரர் என எல்லோரும் குடும்பத்தோடு வருவார்கள். வந்ததும் முதலில் தேடுவது தங்கள் படத்தைத்தான். மூன்று வார வேலையும் சரியா தவறா என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கண் முதலில் போவது பெயருக்கு. அங்கேதான் அதிகம் சறுக்குகிறது. இனிஷியல் மாறியிருக்கும், அல்லது பெயரே இல்லாமல் 'உழைக்கும் கரங்கள்' என்று எழுதியிருக்கும். முகம் காட்டிய ஒருவரைப் பெயரில்லாமல் தொங்கவிடுவது கொண்டாட்டமே ஆகாது. குறிப்பு அட்டை அச்சுக்குப் போகும் முன் அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். பெயர், வேலை, எத்தனை ஆண்டாகச் செய்கிறார், அவர் வாயிலிருந்து வந்த ஒரு வரி. நாற்பது ஐம்பது சொல் போதும். எழுத்து 20 பாயிண்டுக்குக் கீழே வேண்டாம். ஒப்புதல் கையெழுத்தும் அப்போதே வாங்கிவிடலாம். சுவருக்குச் சரி என்றவர் இணையத்துக்கும் சரி என்றதாக ஆகாது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

அடுத்தது தோல் நிறம். பிரிண்ட் போடும் லேபில் தானியங்கித் திருத்தம் இருக்கிறது. கருத்த முகத்தைக் கண்டால் 'வெளிச்சம் குறைவு' என்று எடுத்துக்கொண்டு வெளுத்துத் தள்ளிவிடும். இந்தச் சாய்வு பழையது. கோடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்க லேப்களுக்குக் கொடுத்த 'ஷெர்லி' அட்டைகளில் பல காலம் வெள்ளைப் பெண்ணின் முகமே அளவுகோல். ஆகவே 'திருத்தம் வேண்டாம்' என்று சொல்லிக் கொடுங்கள். முதலில் 4×6 அளவில் சோதனைப் பிரிண்ட் எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தன் நிறத்தைத் தானே அடையாளம் காண முடியாத படத்தின் முன்னால் யாரையும் நிறுத்தக் கூடாது.

படக்கோப்பிலும் கவனம் தேவை. 12×18 அங்குலப் பிரிண்டுக்கு நீளப் பக்கத்தில் 3600 பிக்சல் இருந்தால் அங்குலத்துக்கு 200 வரும். நின்று பார்க்கும் தூரத்துக்கு அது போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் 1600 அளவுக்குச் சுருங்கி, அங்குலத்துக்கு 90கூடத் தேறாது. கண்ணிமை, சேலை நூல், கைரேகை எல்லாம் மெழுகாகிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

தொங்கவிடும்போது படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வருவது வழக்கம். வயதானவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் இருந்தால் 135 நல்லது. ஆணி உயரத்துக்குக் கணக்கு இருக்கிறது: நடு உயரத்தோடு பிரேம் உயரத்தில் பாதியைக் கூட்டி, பிரேமின் பின்னால் கட்டிய கம்பியை மேலே இழுத்துப் பிடித்தால் அதற்கும் பிரேமின் மேல்விளிம்புக்கும் உள்ள இடைவெளியைக் கழிக்க வேண்டும். 50 செ.மீ. பிரேம், 8 செ.மீ. இடைவெளி, நடு 140 என்றால் ஆணி 157இல். ஒரே ஆணியில் தொங்கும் படம் கதவு அடித்துச் சாத்தினாலே சாயும். இரண்டு ஆணி அடித்து ரசமட்டம் வைத்துப் பாருங்கள். இரட்டைப்பக்க டேப்பை நம்பாதீர்கள். புதுப் பெயிண்ட் உரிந்து, நடுராத்திரியில் படம் கீழே கிடக்கும்.

ஜன்னலுக்கு எதிரே கண்ணாடி போட்ட பிரேம் வைத்தால், பார்ப்பவருக்குத் தன் முகமும் ஜன்னலும்தான் தெரியும். அந்தச் சுவருக்குக் கண்ணாடி இல்லாத, பளபளக்காத மேட் பிரிண்ட் சரி. விளக்கை மேலிருந்து, செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகை சாய்த்து விடுங்கள்.

சுவரில் இடம் இருக்கிறதே என்று நெருக்கி அடுக்காதீர்கள். தன் படத்தின் முன் ஒருவர் நிற்க, பக்கத்தில் பேத்தி நின்று குறிப்பை வாசித்துக் காட்ட, பின்னால் ஒருவர் செல்போனில் படம் எடுக்க இடம் வேண்டும்.

முடிந்ததும் படங்களை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அவை அவரவர் வீட்டுக்குப் போக வேண்டியவை. மூலைகளுக்கு அட்டை மடித்து வைத்து, பின்பலகையில் பெயரும் எடுத்த தேதியும் பென்சிலால் எழுதி, நேர் வெயில் படாத சுவரில் மாட்டச் சொல்லிக் கையில் கொடுங்கள்.