எரிந்த கட்சி, எரியாத கட்சி: ஓர் ஒத்திகை நாட்குறிப்பு

2024 ஜூன் 2, ஞாயிறு

இப்போது கொழுந்து நிறுக்கப் பயன்படாத பழைய மடுவத்தில் இன்று பிற்பகல் நாடகத்தின் முதல் வாசிப்பு நடந்தது. வந்தவர்கள் பதினேழு பேர். அவர்களில் பதினொருவர் காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டு வந்த பெண்கள். 1848ஆம் ஆண்டின் மாத்தளைக் கலகத்தைப் பாட்டும் தப்புப் பறையும் சேர்ந்த இசை நாடகமாக ஆக்கப்போகிறோம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், மன்மதன் எரிந்து மீண்டும் எழும் கதையான காமன் கூத்தை எங்கள் தோட்டத்தில் நாற்பது வருடமாக நடத்திவரும் மாஸ்டர், "ராஜா வேஷம் யாருக்கு டீச்சர்?" என்று கேட்டுவிட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே ஒரு மணித்தியாலம் போயிற்று. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1817-18இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சிக்குக் கெப்பெட்டிப்பொல போன்ற பிரதானிகள் தலைமை தாங்கினார்கள். அவர்கள் ஒழிக்கப்பட்டு முப்பது வருடம் கழித்து மாத்தளையில் மக்கள் திரண்டபோது முன்னால் நின்றவர்கள் பிரபுக்கள் அல்லர். புரன் அப்பு மொரட்டுவையில் பிறந்தவர். கொங்காலேகொட பண்டா பேலியகொடையில் பிறந்து மலைநாட்டுக்குப் பிழைக்க வந்தவர்; அவருக்குத்தான் 1848 ஜூலைக் கடைசியில் தம்புள்ளை விகாரையில் முடி சூட்டினார்கள். இதைக் கேட்ட மாஸ்டர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அப்ப அவரும் நம்மளாட்டம் வேஷங்கட்டின ராஜாதான்" என்றார். நாடகத்தில் அந்தப் பாத்திரத்தை எப்படி எழுதுவது என்று இரண்டு மாதமாகத் தடுமாறிக்கொண்டிருந்த எனக்கு, அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

மழை விடவில்லை. எங்கள் டிக்கோயாப் பக்கத்தில் ஜூன் மாதத்தில் மழை விடவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறுதான். தப்பின் தோல் ஈரத்தில் தொய்ந்து சாக்கில் அடித்த மாதிரிச் சத்தம் கொடுத்ததால், மடுவத்தின் வாசலில் தேயிலை மிலாரைக் கொளுத்தி, ஒரு பாட்டுக்கு ஒரு தடவை தோலைக் காய்ச்சிக்கொண்டே ஒத்திகையை நடத்தினோம். வெறுப்போடு ஆரம்பித்த இந்தத் தடங்கல் எனக்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. தப்பைக் காய்ச்சுவதற்கு ஆட்கள் நெருப்பைச் சுற்றி உட்காரும் அந்த இடைவெளியில்தான் அவர்கள் உண்மையில் பேசிக்கொள்கிறார்கள். ஆகவே நாடகத்தின் காட்சிகளையும் அப்படியே பிரித்துவிட்டேன். மேடையில் ஒரு நெருப்பு எப்போதும் எரியும். பேச்செல்லாம் அதைச் சுற்றி நடக்கும். தோல் காய்ந்ததும் பாட்டு எழும்பும்.

ஹற்றனில் படிக்கும் இரண்டு பையன்கள், தப்பு வேண்டாம், அது சாவு வீட்டுச் சத்தம், கீபோர்ட் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர்கள் சொல்லாமல் விட்ட காரணமும் எனக்குத் தெரியும். அது சாதியைப் பற்றியது. மாஸ்டர் பதில் ஒன்றும் பேசாமல் சாவு அடி, சாமி அடி, காமன் கூத்தின் அடி என்று மூன்றையும் தனித்தனியாக அடித்துக் காட்டிவிட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார். பையன்களில் ஒருவன் குச்சியை எடுத்துக்கொண்டான். மற்றவன் அடுத்த வாரம் வரமாட்டான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

மாஸ்டரையும் நான்கு நடிகைகளையும் அழைத்துக்கொண்டு மாத்தளைக்குப் போய், அங்கிருந்து தம்புள்ளை வீதியில் நாலந்தா வரை சென்று வந்தேன். இன்று பேருந்துகள் ஓடும் இந்த வழியாகத்தான், கோப்பிக் காலத்தில், இராமநாதபுரம் முதலான சீமைகளிலிருந்து தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் ஆட்கள் நூற்றைம்பது மைல் அளவு காடும் வெயிலுமாக நடந்து வந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். சென்ற வருடம், எங்கள் ஆட்கள் இலங்கைக்கு வந்த இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களும் இந்தத் தடத்தைத்தான் மிதித்தார்கள்.

கலகத்தைப் பற்றி வகுப்பறையில் பல வருடம் படிப்பித்தும் எனக்கு இதுவரை உறைக்காத ஒரு விஷயம் அந்த வீதியோரத்தில் நின்றபோது உறைத்தது. கோப்பிப் பழம் பறிக்கும் காலத்தை ஒட்டி ஆட்கள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குவார்கள். அறுவடை முடிந்ததும் திரும்பிவிடுவார்கள். அப்படியானால் ஜூலைக் கடைசியில், கங்காணி ஒருவனின் பின்னால் தலையில் மூட்டையோடு தம்புள்ளையை அடையும் ஒரு கூட்டம், விகாரையின் முன்னால் ஆயிரக்கணக்கானோர் கூடி ஒருவருக்கு முடி சூட்டுவதை எதிரே கண்டிருக்கலாம். பாடப் புத்தகத்துக் கலகத்தில் எங்கள் ஆட்களுக்கு இடமில்லை. எனது நாடகத்தில் அவர்கள் அந்த வீதியில் வருகிறார்கள். ஒன்பது பேர், ஒரு கங்காணி. இது என் கற்பனை என்பதை முதல் காட்சியிலேயே கட்டியங்காரன் சபைக்குச் சொல்லிவிடுவான்.

திரும்பும் வழியில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தோம். டிக்கோயா அன்று பெருங்காடாக இருந்தது என்று நான் சொன்னதை நடிகைகள் நம்பவில்லை. காடாக இருந்த இடத்துக்குக் கதையில் என்ன வேலை என்று ஒருத்தி கேட்டாள். நியாயந்தான், அந்த வசனத்தை எடுத்துவிடுகிறேன்.

ஜூன் 21, வெள்ளி

பௌத்தர்களின் பௌர்ணமித் திருநாளான பொசன் போயா. பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து கெட்ட பெரய என்ற கண்டி மத்தளம் வாசிக்க வரும் தம்பி, வருவோருக்கு இலவசமாக உணவு கொடுக்கும் தன்சல் வேலையாக இருந்ததால் ஒத்திகை இல்லை. நாங்கள் போய்க் கடலை சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

ஜூன் 23, ஞாயிறு

வரிப் பாட்டு இன்று தேறிவிட்டது. தேசாதிபதி டொரிங்டன் 1848 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்த வரிகளில் துப்பாக்கிக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று, கடைக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று. இவை போதாதென்று ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்டவேண்டும். நாயைப் பிடித்துக்கொண்டு வரி கட்டப் போகும் கிழவனாக எங்கள் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் அக்கா நடிக்கிறார். அவர் நாய்க்காகக் கெஞ்சும் இடத்தில் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, தெரு எதற்காகப் போடுகிறார்கள் என்று கிழவன் கேட்க, "கோப்பி மூட்டை கொழும்புக்குப் போக" என்று கோரஸ் பதில் சொல்கிறது. அந்தப் பதிலில் சிரிப்பு நின்றுவிடவேண்டும். இன்று நிற்கவில்லை, தாளத்தை ஒரு மாத்திரை தாமதப்படுத்திப் பார்க்கவேண்டும்.

இன்னொரு வேடிக்கை. மாத்தளையில் கலகக்காரர் அரசாங்க அலுவலகமான கச்சேரியைத் தாக்கி வரி ஏடுகளை அழித்த காட்சியை விளக்கிக்கொண்டிருந்தபோது, தொலைக்காட்சியில் சங்கீதம் கேட்டுப் பழகிய ஒரு சிறுமி, கச்சேரியை ஏன் எரித்தார்கள், பாட்டு நன்றாக இல்லையா என்று கேட்டாள். இதை வசனமாகச் சேர்த்துவிடலாமா என்ற ஆசையை மிகுந்த சிரமத்தோடு அடக்கிக்கொண்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

நாடகத்தின் நடு முடிச்சு இன்று அவிழ்ந்தது. என் கையெழுத்துப் பிரதியில் ஆறாவது காட்சி ஒரு பொய்யாக இருந்தது. கோப்பித் தோட்டத்து ஸ்டோருக்குக் கிராமத்தவர் தீ வைக்கிறார்கள்; எங்கள் ஒன்பது பேரும் உடனே அவர்களோடு கைகோத்து ஒரே குரலில் பாடுகிறார்கள். பாடிப் பார்க்கும்போதெல்லாம் நடிகைகளின் குரல் உள்ளுக்கு இழுத்தது. இன்று, கூட்டத்தில் மூத்தவரான பெரியம்மா, "டீச்சர், அந்த ஸ்டோரு எரிஞ்சா நம்ம பேருக்கு யாரு பேரு போடுறது? எப்படி நான் சந்தோசமாப் பாடுறது?" என்று நேரடியாகவே கேட்டுவிட்டார். பேர் போடுவது என்றால் அன்றைய கூலிக்குப் பெயரைப் பதிவது.

கிராமத்தவனின் காடும், காடு வெட்டிப் பயிரிடும் சேனை நிலமும் 1840ஆம் ஆண்டின் சட்டத்தால் முடிக்குரிய நிலமாகிக் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. ஆகவே அவனுக்கு அந்த ஸ்டோர் பகையின் சின்னம். கடல் தாண்டி நடந்து வந்தவனுக்கோ இரவு படுக்கக் கிடைக்கக்கூடிய ஒரே கூரை அதுதான். இருவரும் ஏழைகள், இருவர் மேலும் ஏறியிருப்பது ஒரே அரசு என்பதால் இருவரும் ஒரே பாட்டைப் பாடிவிடுவார்கள் என்று நான் எழுதியது படித்தவரின் சௌகரியம். மாஸ்டர்தான் வழி சொன்னார்: "லாவணி போடுங்க." காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும் இரவிரவாகப் பாடி வாதிடும் அந்த லாவணி முறையில், ஸ்டோர் எரியவேண்டும் என்று கிராமத்தவனும் எரியக்கூடாது என்று கூலிக்காரனும் எதிரெதிரே உட்கார்ந்து பாடட்டும். மடுவத்திலேயே உட்கார்ந்து இரண்டு கண்ணி எழுதினேன்.

"காட்டை வித்தான் காசுக்கு, எங்க
மேட்டை வித்தான் கோப்பிக்கு;
ஸ்டோரு எரியட்டும், சேர்த்து வச்ச
ஏட்டுக் கணக்கும் எரியட்டும்."

அதற்குக் கூலிக்காரன்:

"ஏடு எரிஞ்சா ஒம் பாரம் எறங்கும்,
எம் பாரம் எங்கே எறங்கும் அண்ணே?
கங்காணி மடியில கெடக்குற கடனு
கச்சேரித் தீயில வேகுமா அண்ணே?"

பெரியம்மா இரண்டாவது கண்ணியைப் பாடியபோது முதல் தடவையாக அவர் குரல் முழுதாக வெளியே வந்தது.

ஜூலை 7, ஞாயிறு

தண்டனைக் காட்சிகளில் வெட்டு. புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்படுவது, குடாபொல தேரர் காவியுடையோடே சுடப்படுவது, கொங்காலேகொட பண்டாவுக்கு விதித்த தூக்கு நூறு கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடுகடத்தலாகவும் மாறுவது ஆகிய மூன்றுக்கும் மூன்று ஒப்பாரி எழுதியிருந்தேன். மூன்று ஒப்பாரி கேட்டால் எங்கள் சனம் நான்காவதாகத் தேநீர் கேட்கும். இப்போது ஒப்பாரியே இல்லை. ஒரு சேவகன் மூன்று பெயர்களையும் தண்டனைகளையும் பாடாமல் வாசிக்கிறான். அந்த நேரம் முழுவதும் தப்பு, கெட்ட பெரய இரண்டும் ஓய்ந்திருக்கும். கெட்ட பெரய தம்பி, தேரரின் பெயர் வரும் இடத்தில் தான் எழுந்து நிற்கலாமா என்று கேட்டான். எல்லோரும் நிற்பது என்று முடிவாயிற்று.

ஜூலை 14, ஞாயிறு

நகரத்தில் ஒரு மண்டபம் தருவதாகச் சொன்னவர்கள், கலகம் என்ற சொல் இருப்பதால் யோசிக்கவேண்டும் என்று தகவல் அனுப்பியிருக்கிறார்கள். நூற்றெழுபத்தாறு வருடத்துக்கு முந்திய கலகம்! யோசிக்கட்டும். தோட்டத்தில் கூத்து நடக்கும் காமன் பொட்டலிலேயே போடுகிறோம். மழைக்குத் தகரக் கொட்டகை.

ஜூலை 21, ஞாயிறு

முழு ஒத்திகை. இரண்டு மணித்தியாலமும் பத்து நிமிடமும். லாவணி மட்டும் இருபத்தைந்து நிமிடம் ஓடியது. குறைக்கச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. கோப்பி நாளில் வந்தவர்களில் பெண்கள் சொற்பம் என்பதால் ஒன்பது ஆண்களையும் பெண்களே நடிக்கிறார்கள். ரதி வேஷத்தை ஆண்கள் கட்டிய பொட்டலில் இப்படி நடப்பதை மாஸ்டர் எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று பயந்திருந்தேன். பெரியம்மாவுக்குத் தலைப்பாகை கட்டப் பழக்கியவரே அவர்தான்.

ஜூலை 28, ஞாயிறு

தம்புள்ளையில் முடிசூட்டிய அதே ஜூலைக் கடைசியில் நாடகம் நடந்து முடிந்தது. எங்கள் தோட்டமும் பக்கத்து இரண்டு டிவிஷன்களும் சிங்களக் கிராமத்திலிருந்து ஒரு லொறி நிறையச் சனமும் வந்திருந்தார்கள். மூன்றாம் காட்சியில் மழை தகரத்தில் இறங்கியதால் சில பாட்டுகள் யாருக்கும் கேட்டிருக்காது. கோப்பி மூட்டை என்ற பதிலில் சிரிப்பு சரியாக நின்றது. லாவணியில் சபை தானாகவே இரண்டாகப் பிரிந்துகொண்டது. நான் எதிர்பார்த்தபடி தமிழர் ஒரு பக்கம் சிங்களவர் மறுபக்கம் என்று அல்ல, இளையவர்கள் எரிந்த கட்சிக்கும் முதியவர்கள் எரியாத கட்சிக்கும் கைதட்டினார்கள்.

தண்டனையை வாசித்து விளக்கை அணைத்ததோடு நாடகம் முடிந்தது. ஆனால் ஒருவரும் எழும்பவில்லை. நன்றி சொல்லியும், பிள்ளைகள் தூங்கி விழுந்தும் எழும்பவில்லை. இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு பாட்டி, இது காமன் பொட்டல், இங்கே எரித்தவனை எழுப்பாமல் போகும் வழக்கம் கிடையாது என்று மாஸ்டரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். நான் பிரதியைப் புரட்டினேன்; அதில் எழுப்புவதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மாஸ்டர் தோலை நெருப்பில் ஒரு தரம் காட்டிவிட்டுக் காமனை எழுப்பும் அடியைத் தொடங்கினார். அந்த அடியை முன்பின் கேட்டிராத தம்பி, இரண்டு சுற்று காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, மூன்றாவது சுற்றில் கெட்ட பெரயவோடு உள்ளே வந்தான்.