கொலை கேஸ் மட்டும் கேஸ் இல்லை: சட்டம் படிக்கிற எங்கட வன்னிப் பிள்ளையளுக்கு

நான் புதுக்குடியிருப்புப் பக்கம். சட்டக்கல்லூரி நுழைவுப் பரீட்சை ரெண்டாந்தரம் எழுதித்தான் கிடைச்சது, முதல்தரம் பொது அறிவுப் பேப்பரைச் சும்மா நினைச்சுப்போட்டுப் போய் இருந்தனான், அது என்ரை பிழை. இப்ப தம்பி தங்கச்சியள் போன் எடுத்தா ஒரே கேள்விதான், "அண்ணை, கிரிமினல் பக்கம் போறதோ சிவில் பக்கம் போறதோ?" ரெண்டுக்கும் நடுவில ஒரு பாதை கிடக்கு, அரச திணைக்களங்கள் போடுற கேஸும், அரச முடிவுகளுக்கு எதிராப் போடுற கேஸும், அதை ஒருத்தரும் சொல்லித் தாறேல்லை.

நீதவான் கோட்டில ஒருநாள் பின் வாங்கில இருந்து பாருங்கோ. பொலிஸ் கேஸுகளுக்கு இடையில பி.எச்.ஐ, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஒரு பைலோட நிப்பார், நுகர்வோர் அதிகார சபை ஆக்கள் நிப்பினம், வனத் திணைக்களம் நிக்கும். கனக்கக் கடைக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டிப்போட்டுப் போயிடுவினம், அதால உதுகளைப் பெடியள் கேஸெண்டே கணக்கெடுக்கிறேல்லை. நானும் அப்பிடித்தான் இருந்தனான், பயிலுநரா இருக்கேக்க சீனியர் ஒரு அரிசி விலை பைலைத் தாற வரைக்கும். கட்டுப்பாட்டு விலையை விடக் கூட வித்தது எண்டு குற்றச்சாட்டு, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகார சபைச் சட்டம். நான் பிரிவுகளைப் பாடமாக்கிக்கொண்டு போனன், அவர் கேட்டது வேறை: ரெய்டு போன அண்டைக்கு எந்த அதிவிசேட வர்த்தமானி நடைமுறையில இருந்தது, அதில நாட்டரிசிக்கு என்ன விலை, சம்பாவுக்கு என்ன விலை, பில்லில என்ன கிடக்கு? பில்லில வெறுமனே "அரிசி 5 கிலோ". எந்த அரிசியெண்டு இல்லை! வழக்குப் போடுற பக்கமெண்டா அந்த ஓட்டையை முதலே அடைக்கோணும், எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் பக்கமெண்டா அதுதான் உங்கட சோறு.

அதே கண்ணோட பொதுச் சட்டத்துக்கு, அதாவது அரசுக்கும் சனத்துக்கும் இடையிலான சட்டத்துக்கு வாங்கோ. காணியை விட்டு எழும்பச் சொல்லி நோட்டீஸ் வந்தா எங்கட சனம் காணி உறுதி, வரி ரசீது எல்லாம் தூக்கிக்கொண்டு நீதவான் கோட்டுக்குத்தான் ஓடுது. 1979இன் 7ஆம் இலக்க அரச காணி மீட்புச் சட்டத்தில அங்க காட்டக் கூடியது செல்லுபடியான பெர்மிட் அல்லது எழுத்தில இருக்கிற வேறை அதிகாரம் மட்டும்தான், இது அரச காணியே இல்லையெண்டு அங்க வாதாட ஏலாது. அதுக்கு எழுத்தாணை (ரிட்) வழக்குப் போடோணும், அரச அதிகாரியின்ரை முடிவைச் சட்டப்படி சரியோ எண்டு மேல் கோட்டில கேக்கிற வழக்கு. அதையும் வவுனியாவிலயோ முல்லைத்தீவிலயோ போடலாமெண்டு நினைக்காதேங்கோ, மாகாண மேல் நீதிமன்றத்துக்கு இந்த அரச காணி விசயத்தில அந்த அதிகாரம் இல்லையெண்டு 2013ல உயர் நீதிமன்றம் சொல்லிப்போட்டுது, கொழும்பில மேன்முறையீட்டு நீதிமன்றம்தான். பஸ் காசே ஒரு பிரச்சினை, ஆனா அதுதான் நிலைமை.

அடிப்படை உரிமை மனு எண்டா ஒரு மாசம், அரசியலமைப்பின்ரை 126ஆம் உறுப்புரை. கன பேர் ஆமிக்கும் ஜீ.ஏக்கும் (அரசாங்க அதிபருக்கும்) கடிதம் எழுதியே அந்த மாசத்தை முடிச்சுப்போட்டு வருவினம். அந்த ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமை ஆணைக்குழுவில முறைப்பாடு குடுத்து விசாரணை நடந்தா, அந்த நாள் கணக்கில வராது, 1996இன் 21ஆம் இலக்கச் சட்டத்தில 13ஆம் பிரிவு. இதைப் பாடமாக்குங்கோ, சோதினைக்கு இல்லாட்டிலும்.

மொழி விசயம் சுருக்கமா: எங்கட கோட்டில தமிழ், கொழும்பு மனு இங்கிலிஷ், திணைக்களப் பைல் பாதி சிங்களம். நான் சிங்களத்தைப் பிந்தித்தான் படிச்சனான், இப்பவும் தடக்குது.

வர்த்தமானி, திகதி, யார் அதிகாரம் குடுத்தது எண்டு மூண்டு கோடு போட்டு எழுதின நோட்டுப் புத்தகம் ஒண்டு என்னட்டை கிடக்கு. கரையான் திண்டது போக மிச்சம் வேணுமெண்டா வந்து போட்டோ எடுங்கோ.