73 பல்லும் நான் தொலைத்த 5 நாளும்

நடு அமெரிக்காவின் பழங்கால மாயா மக்களுடைய நாட்காட்டியை அட்டையில் பல்சக்கரங்களாகச் செய்து சுற்றவிடும் வேலை, இன்றோடு மூன்றாவது ஞாயிறு. இப்போதுதான் இரண்டு சக்கரமும் சண்டை போடாமல் சுற்றுகின்றன.

1 முதல் 13 வரை எண்கள், கூடவே 20 நாள் பெயர்கள். இரண்டும் சேர்ந்தே நகர்ந்தால் 260 நாள் கொண்ட ட்சோல்கின். இன்னொன்று 365 நாள் ஹாப்: இருபது இருபது நாளாக 18 மாதம், கடைசியில் வயேப் என்ற 5 நாள். வயேப் ஆகாத நாட்கள் என்று பயந்திருக்கிறார்கள். 260 பல், 365 பல் வெட்ட எனக்குப் பொறுமை ஏது? இரண்டும் ஐந்தால் வகுபடுகின்றன. ஒரு பல்லுக்கு 5 நாள் என்று வைத்தால் 52 பல்லும் 73 பல்லும் போதும்.

73-இல்தான் வினை. ஒரு பல்லுக்கு 4.93 பாகை வரும். பாகைமானியில் 5 பாகையாகவே கோடு போட்டுவிட்டேன். பெரிய சக்கரம் 52 சுற்று போன பிறகுதான் (18,980 நாள்) தொடக்கக் குறிகள் மறுபடி சேர வேண்டும். 13-ஆவது சுற்றிலேயே சேர்ந்துவிட்டன. எண்ணிப் பார்த்தால் 72 பல். 72 × 5 = 360. வயேப்பை முழுசாக விழுங்கியிருக்கிறேன்!

அந்தச் சக்கரத்தைத் தூக்கிப் போடவில்லை. மாயா மக்கள் ஒரு தொடக்க நாளிலிருந்து நாட்களைத் தொடர்ந்து எண்ணிய ‘நீண்ட கணக்கில்’ 360 நாள் என்பது ஒரு துன். 20 துன் ஒரு கதுன், 20 கதுன் ஒரு பக்துன், அதாவது 1,44,000 நாள். பெரும்பாலோர் ஏற்கும் கணக்குப்படி இதன் தொடக்கம் கி.மு. 3114 ஆகஸ்ட் 11. அங்கிருந்து 2000 ஜனவரி 1 வரை 18,67,262 நாள். கையாலேயே வகுத்ததில் 12.19.6.15.2 வந்தது: 12 பக்துன், 19 கதுன், 6 துன், 15 இருபது நாள், மீதி 2 நாள்.

பாகைமானியை ஓரம்கட்டிவிட்டு, 73 செ.மீ. காகிதப் பட்டையில் ஒவ்வொரு செ.மீ.க்கும் குறி போட்டு, 23.2 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தைச் சுற்றி ஒட்டினேன். சின்னதற்கு 52 செ.மீ. பட்டை. பல்லுக்குப் பல்குத்தும் குச்சிதான், வேறென்ன.

அடுத்தது வெள்ளிக் கோள். டிரெஸ்டன் சுவடி என்ற பழைய மாயா நூலில் அதன் சுற்று 584 நாள்: விடிவெள்ளியாக 236, மறைவு 90, அந்தி வெள்ளியாக 250, மறைவு 8. ஐந்தால் வகுபடாதே என்று முதலில் சோர்ந்துபோனேன். ஆனால் 584 = 8 × 73, 365 = 5 × 73! ஹாப் அச்சில் 25 பல் சக்கரம் ஒன்று, அதோடு கோக்க வெள்ளிக்கு 40 பல். அட்டை வாங்கியாயிற்று.