மூன்றாம் கட்டில் ஓர் அண்டா

அக்டோபர் 7, செவ்வாய்
ராத்திரி மழை. வீட்டின் மூன்றாம் கட்டு ஒழுகுகிறது, கீழே அண்டா வைத்தேன். விடிந்து பார்த்தால் பாதி நிறைந்திருக்கிறது.

அக்டோபர் 8, புதன்
பதினொரு கையெழுத்தில் ஒன்பது வந்தாச்சு. கோலாலம்பூர் அண்ணன் "பார்க்கிறேன்" என்றாராம். பத்து வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அப்பத்தாவிடம் நான் மூச்சு விடவில்லை. சாப்பிடும்போது அவராகவே கேட்டார்: "மலேசியாக்காரன் என்னப்பு சொல்றான்?"

ரசம் நல்லா இருக்கு என்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி
அண்ணன் மகள் வந்து இறங்கினாள். அப்பா ஏதும் கொடுத்துவிட்டாரா என்றேன். பையைத் திறந்து இரண்டு மைலோ பாக்கெட் எடுத்துக் கொடுத்தாள். நாளைக்கு வேனும் வழிகாட்டியும் பேசியிருக்கிறாளாம். "நீங்களும் வாங்க சித்தப்பா."

அண்டாவைக் கொட்டிவிட்டு வைத்தேன்.

அக்டோபர் 11, சனி
வழிகாட்டி புதுக்கோட்டைப் பையன். கிளம்புவதற்கு முன்னால் எங்கள் வீட்டு முகப்பிலேயே ஆரம்பித்துவிட்டான். பர்மா தேக்கு, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல். மூன்றாம் கட்டுப் பக்கம் கூட்டிப்போகாமல் பார்த்துக்கொண்டேன்.

திருமயத்தில் புரட்டாசிக் கடைசிச் சனிக் கூட்டம். பெருமாளைத் தூரத்தில் நின்று கும்பிட்டதோடு சரி. கோட்டை 1687இல் சேதுபதி கட்டியது. சின்ன வயசில் எத்தனையோ தடவை பஸ்ஸில் இதைக் கடந்து போயிருக்கிறேன், ஏறியது இன்றைக்குத்தான். வெறும் பாறை, வெயில், உச்சியில் பீரங்கி. கால் பொரிந்துவிட்டது. அவள் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தாள்.

இறங்கும்போது பையன் சொன்ன ஒன்றுதான் இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது. கீழே ஒரே பாறையைக் குடைந்துதான் சிவனுக்கும் பெருமாளுக்கும் கோயில், பக்கத்துப் பக்கத்தில். இரண்டு கோயில்காரர்களுக்கும் நிலம், வருமானம் என்று தீராத வழக்கு. 1245இல் போசளத் தளபதி ஒருவர் முன்னிலையில் பஞ்சாயத்துப் பேசி, இவருக்கு இவ்வளவு, அவருக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்து, நடுவில் சுவரும் வைத்து, எல்லாவற்றையும் கல்லில் வெட்டிவிட்டார்கள். சாமிக்கே பாகப்பிரிவினை. "அப்புறம் யாரும் கையெழுத்துப் போடலைன்னு சொல்லலையா தம்பி?" என்றேன். பையன் சிரித்தான். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

நமணசமுத்திரம் பக்கம் அய்யனார் கோயிலில் வேன் நின்றது. மண்குதிரைகள் வரிசை வரிசையாக. கழுத்துப் போனது, கால் போனது, எல்லாம் நின்ற இடத்திலேயே கிடக்கின்றன. புதுசு செய்து வைக்கிறார்களே தவிர பழசை யாரும் அள்ளிப் போடுவதில்லை. இவள் ஒரு காதுத் துண்டை எடுத்துப் பார்த்தாள். கீழே வைம்மா என்று சத்தம் போட்டுவிட்டேன். எதற்கு அவ்வளவு கோபம் வந்தது எனக்கு?

சித்தன்னவாசல் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. ஏழடிப்பட்டம் குகைக்கு ஏறும்போது மூச்சு வாங்கியது. பாறையைத் தேய்த்து வழுவழுப்பாக்கிய பதினேழு படுக்கைகள், தலைமாட்டில் தலையணை மாதிரி மேடு. சமணத் துறவிகள் படுத்த இடம். ஒன்றில் தமிழி, அதான் பழைய தமிழ் எழுத்து: குமட்டூரில் பிறந்த காவுதி என்பவருக்கு இன்னார் செய்து கொடுத்தது. இரண்டாயிரம் வருஷத்துப் பத்திரம். ஆள் நீட்டிப் படுக்கிற அளவு இடத்துக்கு.

அப்புறம் சமணக் குடைவரை, அறிவர் கோயில். பையன் தூணில் இருக்கும் நடனப் பெண்ணைக் காட்டினான். நான் விதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாமரைக்குளம், மீன், வாத்து, யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள். 9ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு. ஓவியம் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. தலைக்கு மேல் குளத்தை வரைந்தவனுக்கு வீட்டில் ஒழுகல் இருந்திருக்காது.

பையன் உள்ளே போய் 'ம்ம்ம்' என்று இழுத்தான். அறை முழுக்க அதிர்ந்தது. என் கைபேசி என்று நினைத்துச் சட்டைப்பையைத் தடவினேன்.

குடுமியான்மலை இசைக் கல்வெட்டு பார்க்கவில்லை. இருட்டிவிட்டது, வானமும் கூடியிருந்தது. வரும் வழியெல்லாம் மழை. அவள் தூங்கினாள். நான் அண்டாவை நினைத்துக்கொண்டு வந்தேன்.

வழிந்திருந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு
திருமயம் வரைக்கும் போனவன் ஒரு துளசி கொண்டுவரலையே என்று அப்பத்தாவுக்குக் கோபம். சாயங்காலம் வரை பேச்சில்லை. ஓடு மாற்ற ஆள் கேட்டேன். விற்கப்போற வீட்டுக்கு எதற்குங்க என்கிறான். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்
அவள் கிளம்பிவிட்டாள். போகும்போது வளவில் நின்று, "எங்க அப்பாவுக்கு எந்த அறை சித்தப்பா?" என்றாள். காட்டினேன். பூட்டியிருந்தது. சாவி அவள் அப்பாவிடம்தான் இருக்கிறது என்று சொன்னேன். அப்படியா என்று கதவைக் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டு நின்றாள்.

அக்டோபர் 14, செவ்வாய்
மழை இல்லை. அண்டாவை எடுக்கவில்லை.

அக்டோபர் 15, புதன்
காலை ஆறேகாலுக்குக் கோலாலம்பூர் எண். எடுப்பதற்குள் நின்றுவிட்டது. அப்பத்தா முகப்பிலிருந்து, "யாருப்பு?"