எலெக்டிவ் எடுக்குமுன் பார்க்க வேண்டிய தாள்

எலெக்டிவ் எனும் விருப்பப் பாடங்களுக்கான பதிவு நெருங்கினால் போதும், மலாயாப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் பினாங்கு யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) ஆக இருந்தாலும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான்: "எந்த எலெக்டிவ்ல ஈஸியா ஏ கிடைக்கும்?" சீனியர்களும் தாராளமாகப் பதில் சொல்வார்கள். ஆனால் அவர்கள் சொல்வது போன ஆண்டு விரிவுரையாளரைப் பற்றி. இந்த செமஸ்டர் வேறு ஆள் வந்துவிட்டால் வினாத்தாளும் மாறும், மதிப்பெண் போடும் கையும் மாறும். நம்பிப் பார்க்க வேண்டியது பாடத்தின் புரோஃபோர்மாவை, அதாவது பாட விவரத் தாளைத்தான். இரண்டு மூன்று பக்கம் இருக்கும். பலர் திறப்பதே இல்லை.

அதில் முதலில் மாணவர் கற்றல் நேர அட்டவணையைப் பாருங்கள். எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) கணக்குப்படி ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேர உழைப்பு. 3 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். 14 வாரம், வாரத்துக்கு 3 மணி நேரம் வகுப்பு என்று வைத்தால் 42 போகிறது. மீதி 78 மணி நேரம் உங்கள் தலையில். அந்த 78 எங்கே போகிறது என்பதுதான் விஷயம். தனியாக எழுதும் கட்டுரை என்றால் இரவில் உட்கார்ந்து முடித்துவிடலாம். ஐந்து பேர் குழு வேலை, களப்பணி, வீடியோ என்று இருந்தால், வெவ்வேறு ஃபேகல்ட்டி ஆட்களை ஒரே நேரத்தில் உட்கார வைப்பதே பெரும்பாடு. வெளி ஃபேகல்ட்டி எலெக்டிவில் மதிப்பெண் போவது பெரும்பாலும் பாடம் புரியாததால் அல்ல, குழுவில் இரண்டு பேர் தலைகாட்டாததால்.

அடுத்து மதிப்பீட்டுப் பகுதி. இறுதித் தேர்வு 60 விழுக்காடா, 40ஆ, தேர்வே இல்லாமல் முழுக்கத் தொடர் மதிப்பீடா? "எக்ஸாம் இல்லை" என்றதும் துள்ளிக் குதிக்காதீர்கள். அப்படிப்பட்ட பாடங்களில் ஒப்படைப்புகள் 10ஆம் வாரத்துக்குமேல் குவியும். அதே வாரங்களில்தான் உங்கள் துறைப் பாடங்களின் வேலைகளும் வந்து நிற்கும். முதல் செமஸ்டர் என்றால் ஒப்படைப்பு அட்டவணையோடு தீபாவளி வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும் பஸ் டிக்கெட்டும் சிறு தேர்வும் ஒரே நாளில் விழும் வாய்ப்பு அதிகம்.

"எலெக்டிவ்தானே, சி.ஜி.பி.ஏ.வை (எல்லா செமஸ்டருக்குமான சராசரிப் புள்ளியை) ஏற்றிவிடும்" என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 60 கிரெடிட் முடித்து 3.70 வைத்திருக்கிறீர்கள். 3 கிரெடிட் எலெக்டிவில் 4.00 வாங்கினால் 3.71. அதிலேயே சி, அதாவது 2.00 வாங்கினால் 3.62. ஏற்றம் 0.01, சறுக்கல் 0.08. முதல் வகுப்புத் தேர்ச்சிக்கு பி.டி.பி.டி.என். (தேசிய உயர்கல்வி நிதிக் கழகம்) கடன் விலக்கை எதிர்பார்த்திருப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. அதனால் பயந்துகொண்டு சுலபமானதையே பொறுக்கச் சொல்லவில்லை. கடினமான ஒன்றை எடுக்க ஆசையிருந்தால் தாராளமாக எடுங்கள். துறைப் பாடங்களின் சுமை குறைந்த செமஸ்டரில் எடுங்கள். எலெக்டிவை எல்லாம் கடைசி ஆண்டுக்குத் தள்ளிவைத்தால் ஆய்வேட்டோடு சேர்ந்து மூச்சு முட்டும்.

மொழிப் பாடங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மாண்டரின், ஜப்பானியம், கொரியம் எல்லாம் நிலை நிலையாகப் போகும். முதல் நிலை ஜாலியாக இருக்கும். எழுத்து கூடக் கூடத் தினசரிப் பயிற்சி இல்லாமல் ஓடாது. வருகைப் பதிவிலும் கறார்.

பிறகு எல்லாரும் கோட்டைவிடும் இடம்: வகை. எலெக்டிவ் என்ற ஒரே பெயரில் ஃபேகல்ட்டி எலெக்டிவ், வெளி ஃபேகல்ட்டி எலெக்டிவ், பல்கலைக்கழக எலெக்டிவ் எல்லாம் இருக்கும். மலாயாவில் எஸ்.எச்.இ. (மாணவர் முழுமைத் திறன் வளர்ப்பு) பாடங்கள் தனித் தொகுதிகளாகப் பிரிந்திருக்கும். பெங்ஹாயாத்தான் எத்திகா டான் பெராடாபான் (அறநெறியும் நாகரிகமும்) போன்றவை எலெக்டிவே அல்ல, கட்டாயப் பாடங்கள். வகை தவறி எடுத்த பாடத்தில் ஏ வாங்கினாலும், பட்டத்துக்கான தேவைப் பட்டியலில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். நீங்கள் சேர்ந்த ஆண்டின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். ஜூனியருடையதோ சீனியருடையதோ உதவாது.

பதிவு நாளில் ஒரே பாடத்தை நம்பி உட்காராதீர்கள். பாடக் குறியீடும் வகுப்புக் குழு எண்ணும் சேர்த்து மூன்று தேர்வுகளைக் கையில் எழுதி வைத்திருங்கள். நல்ல நேரத்துக் குழுக்கள் சில நிமிடத்தில் நிரம்பிவிடும். விரிவுரை நேரம் மோதவில்லை என்று பார்த்தால் மட்டும் போதாது, டுட்டோரியல் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு வகுப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் கேம்பஸ் பஸ்ஸுக்கான நேரமும் வேண்டும். யு.எஸ்.எம். பொறியியல் மாணவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: அவர்கள் வளாகம் நிபோங் திபாலில், பிரதான வளாகம் கடல் தாண்டித் தீவில். அங்கே நடக்கும் எலெக்டிவுக்கு வாராவாரம் பாலம் கடப்பது நடைமுறைக்கு ஒத்துவராது.

பாடத்தைச் சேர்க்க, நீக்கத் தரும் காலம் பெரும்பாலும் முதல் இரண்டு வாரம்தான். அதனால் முதல் வார வகுப்பைத் தவறவிடக் கூடாது. விரிவுரையாளர் மதிப்பீட்டை விளக்குவது அன்றைக்குத்தான். பிடிக்கவில்லை என்றால் அந்தக் காலத்துக்குள் நீக்கிவிடுங்கள். ஆனால் செமஸ்டருக்கான குறைந்தபட்ச கிரெடிட்டுக்குக் கீழே போய்விடக் கூடாது. நீக்கிய பிறகு பதிவுச் சீட்டை மறுபடி அச்செடுத்து, பாடம் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்த்துவிட்டு, கல்வி ஆலோசகரின் ஒப்புதலையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.