ஆடியும் ஆர்டரும்: ராயபுரம் நாட்குறிப்பு, 2025

ஜூலை 16, புதன்

நாளைக்கு ஆடி பிறக்கிறது. காலையிலிருந்து போன் ஓயவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "அக்கா, ஞாயித்துக்கிழமை கூழ் ஊத்தறோம், அதுக்குள்ள கருவாடு வந்துடுமா?" சென்னைக்குள் என்றால் வந்துவிடும். வெளியூருக்குச் சத்தியம் பண்ண முடியாது. அதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சேலத்துக்கு அனுப்பிய பார்சல் இன்னும் நகரவில்லை.

ஜூலை 17, வியாழன்

விடிவதற்குள் காசிமேடு. நெத்திலி அருமை. ஒன்றை எடுத்து வளைத்தேன், படக்கென்று ஒடிந்தது. வஞ்சிரம்தான் கவலையாக இருக்கிறது. மேலே உப்புப் பூத்துப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முள்ளை ஒட்டிய சதையைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்குகிறது. உள்ளே ஈரம் இருக்கிறது. "இன்னும் ரெண்டு வெயில் குடு கண்ணு. இப்பவே கவர்ல போட்டு ஒட்டுனா பூசணம் புடிச்சிரும்" என்றார் ஆயா. விற்கிறவரே இப்படிச் சொன்ன பிறகு நான் என்ன பேச?

ஆனால் வஞ்சிரத்துக்குப் பணம் கட்டியவர்கள் காத்திருக்கிறார்கள். இன்றும் நாளையும் வெயில் அடித்தால் சனிக்கிழமை பேக்கிங். சனிக்கிழமை அனுப்பினால் முதல் ஞாயிறுக்குப் போய்ச் சேராது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில் நின்றன. அந்த 61 நாளும் ஃபைபர் படகில் வந்ததை வைத்துத்தான் ஓட்டினோம். சேர்த்து வைக்க எங்கே மீன் இருந்தது? ஆர்டர் எடுக்கும் பக்கத்தில் 'கையிருப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஒரு எண் போட வேண்டும். மாடியில் காய்கிற மீனை இருப்பு என்று போடுவதா, இல்லை என்று போடுவதா? இரவெல்லாம் இதே யோசனை. கடைசியில் வஞ்சிரத்துக்கு மட்டும் பூஜ்யம் போட்டுவிட்டேன். ஏற்கெனவே கட்டியவர்களை நானே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

ஜூலை 18, வெள்ளி

மூன்று மணிக்கு மழை. மாடி வீட்டு அக்கா தார்ப்பாயோடு ஓடி வந்திராவிட்டால் சென்னாக்குன்னி, அந்தப் பொடி இறால், மொத்தமும் போயிருக்கும். வஞ்சிரத்துக்கு ஒரு வெயில் நஷ்டம்.

ஜூலை 19, சனி

வஞ்சிரக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். திட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். பெரம்பூர் அம்மா ஒருவர், "ஈரக் கருவாடு அனுப்பாம சொன்னியே, அடுத்த வாரமே குடும்மா" என்றார். கண் கலங்கிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு உடனே ஜிபே பண்ணிவிட்டேன்.

பகல் முழுக்க பேக்கிங். வாளையின் முள் கவரைக் குத்திவிடுகிறது. கண்ணுக்கே தெரியாத ஓட்டைதான், ஆனால் வேக்கம் போன கவர் ராத்திரிக்குள் உப்பிக்கொண்டு நிற்கும். வாசனை வந்தால் கூரியர்காரர் பையைத் தொடவே மாட்டார். அதனால் தலையையும் வாலையும் நறுக்கி, பட்டர் பேப்பரில் சுற்றி, அதன் பிறகுதான் கவரில் போடுகிறேன், அதற்கு மேல் இன்னொரு கவர். ஒவ்வொன்றுக்கும் எடை, பேக் செய்த தேதி, உரிம எண், அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம். கவர் ஒட்டுகிற மிஷின் சூடேறினால் ஆற விட வேண்டும். அந்த இடைவெளியில் போனைப் பார்த்தால் இன்னும் நாற்பது பேர். மணிக்கட்டு வலிக்கிறது. டேப் ஒட்டுகிற கை.

ஜூலை 20, ஞாயிறு

தெருவில் கூழ். கோவில் ஸ்பீக்கர் காலை ஐந்துக்கே ஆரம்பித்துவிட்டது. முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு, மொச்சை. என் நெத்திலிதான் குழம்பில். வரிசையில் நின்று வாங்கிக் குடித்தேன். எவ்வளவு நல்ல சாப்பாடு இது! இதை ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம் என்று நினைத்தால் கைவலி தெரியவில்லை.

ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது மாதாமாதம் போடும் ஜிஎஸ்டி கணக்கு, இன்றைக்குக் கடைசி. தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய். வருமானம் சிறியதாக இருந்தாலும் பெங்களூருக்கு ஒரு பாக்கெட் விற்றால்கூட பதிவு வேண்டும் என்பதால் எடுத்தது. ராத்திரி பத்தரைக்குக் கட்டி முடித்தேன்.

சேலம்: "வழியில் உள்ளது". எந்த வழி?

ஜூலை 21, திங்கள்

சேலத்துப் பெண்ணே கூப்பிட்டாள். ஐந்தாம் மாதமாம், எதைச் சாப்பிட்டாலும் குமட்டுகிறதாம், நெத்திலி வறுவல் மட்டும் வேண்டும் போல இருக்கிறதாம். "பரவால்லக்கா, வரும்போது வரட்டும்" என்கிறாள். அவள் அப்படிச் சொன்னதுதான் தாங்கவில்லை. வேறொரு கூரியரில் புதிதாக ஒரு பாக்கெட் போட்டுவிட்டேன். பழையது கிடைத்தால் கிடைக்கட்டும்.

ஜூலை 22, செவ்வாய்

போனை இன்னொருவர் கையில் கொடுப்பது என்று முடிவு. மாடி வீட்டு அக்காவின் மகள் கல்லூரி விட்டதும் மூன்று மணி நேரம் பார்க்கிறேன் என்கிறாள். சம்பளம் பேசியாகிவிட்டது. பிசினஸ் வாட்ஸப்பில் லேபிள் போடக் கற்றுக்கொடுத்தேன்: பணம் வராதது மஞ்சள், பேக் ஆனது பச்சை, புகார் சிவப்பு. விலைப்பட்டியலுக்கும் டெலிவரி நாளுக்கும் ரெடி பதில் வைத்திருக்கிறோம். சிவப்புக்கு மட்டும் நீ பதில் போடாதே, என்னைக் கூப்பிடு என்றேன்.

ஆனாலும் எனக்கு உறுத்துகிறது. முதல் பாக்கெட் வாங்கியவர்கள் என்னிடம் பேசித்தான் வாங்கினார்கள். எப்படிக் கழுவுவது, வெந்நீரில் எவ்வளவு நேரம் போடுவது, கத்திரிக்காய் சேர்ப்பதா வேண்டாமா என்று பத்து நிமிடம் பேசுவார்கள். ரெடி பதிலில் அது வராது. அந்தப் பேச்சு போய்விட்டால் என்னிடம் வாங்க வேண்டிய அவசியம்தான் என்ன? சமையல் கேட்கிறவர்களுக்கு ஊதா லேபிள். அவர்களுக்கு ராத்திரி நானே வாய்ஸ் மெசேஜ் போடுவேன். அதை விடமாட்டேன்.

ஜூலை 23, புதன்

அம்மாவின் கண்ணைக் காட்ட ஸ்டான்லி ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும்வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். போனை வீட்டிலேயே அந்தப் பெண்ணிடம் விட்டுவிட்டேன், இன்று அவளுக்குக் கல்லூரி விடுமுறை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தால் சிவப்பு ஒன்றே ஒன்று.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. யாரும் கருவாடு கேட்க மாட்டார்கள். நிம்மதியாகக் கணக்கு எழுதினேன். ஆயாவுக்குப் பாக்கி கொடுத்துவிட்டேன். அவரைக் காத்திருக்க வைக்கக் கூடாது. மறுநாள் மீன் எடுக்க அவருக்குக் காசு வேண்டும்.

ஜூலை 25, வெள்ளி

நல்ல வெயில். வஞ்சிரம் அமுங்கவில்லை. முள்ளோரம் கல் மாதிரி இருக்கிறது. பெரம்பூர் அம்மாவுக்கு முதல் பாக்கெட். கையிருப்புக் கட்டத்தில் எண் போட்டதும் போன் ஆரம்பித்துவிட்டது. ராத்திரிக்குள் லேபிள் தீர்ந்துவிடும். காலையில் பாரிமுனை போய் ரோல் வாங்க வேண்டும், அப்படியே பட்டர் பேப்பரும். சேலம் இரண்டாவது பார்சல் ஓசூரில் இருப்பதாகக் காட்டுகிறது. ஓசூருக்கு ஏன் போனது என்று தெரியவில்லை.